கிணற்று நீரைச் சோதித்து அறிதல்
பாடசாலை மாணவர்க்கு ஒரு செய்கைமுறைப் பாடம். கமக்காரர்க்கு ஒரு கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்யும் மழையே இங்குள்ள நீருக்கெல்லாம் முதலாகும். அம்மழை நீர் செம்மண்ணையும் மணலையும் ஊடுருவி இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. வெங்காயப் பாத்திக்கு இறைக்கப்படும் நீரும், அடுப்பில் உலைக்கு வைக்கப்படும் நீரும் அங்கிருந்தே பெறப்படுகின்றன. ஆகையால், தோட்டத்து மண்ணில் இடப்படும் பொருள் எதுவாயினும், அது சில காலத்தின் பின் குடிநீர்க் குடத்தினுள் வந்து சேர்தல் கூடும்.

நீர் கெட்டுவிட்டதா என்பதைக் கண்ணாலும் நாவாலும் அறியலாம் என்பது பலரின் எண்ணம். சில கேடுகள் அவ்வாறு அறியப்படுவது உண்மையே. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதைக் குறித்துப் பெரும் முறைப்பாடு எழுந்தது. அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டிலே தீர்ப்பு வழங்கியது. எண்ணெய்க்கு மணமுண்டு, அது நீரின்மேற் படலமாகவும் மிதக்கும். ஆயின் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. உவர் நீரோவெனில், நாவுக்குத் தெரியும் அளவை எட்டு முன்னரே வெங்காயத்தின் விளைச்சலைக் குறைத்துவிடும். இவ்விரண்டையும் அளந்தே அறிதல் வேண்டும்.

அளப்பதற்கு உயர்ந்த ஆய்வுகூடம் எப்போதும் வேண்டியதில்லை. ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலிற் கொணர்ந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் இச்சோதனைகளைச் செய்யலாம். மாணவர்க்கு அது பாடமாகும். அவர்களின் பெற்றோராகிய கமக்காரர்க்கு, அடுத்த போகத்தில் எதனை நடுவது, எவ்வளவு பசளை இடுவது, எவ்வளவு நேரம் இறைப்பது என்பனவற்றைத் தீர்மானிக்க உதவும் கணக்காகும்.

1. நிலத்தினுள் நன்னீர் தங்கும் விதம்

கடல் நீர் நன்னீரிலும் பாரமானது. நிலத்தினுள் இறங்கிய மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்துள்ள உவர் நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. மேல் மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிற்குமாயின், நாளடைவிலே கீழுள்ள உவர் நீர் 40 அடி மேலேறும். கிணற்றில் நீர் சிறிதளவே குறைந்திருக்கின்றது என்று கண்டு அமைதியடைதல் தவறாகும் என்பது இதனால் விளங்கும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருத்தல் இவ்விதிக்குக் கண்கண்ட சான்றாகும்.

துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் யந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகையால் எல்லையை அறிவினால் வகுத்துக் கொள்ளல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்க சோதனை: உயரமான கண்ணாடிப் பாத்திரமொன்றில் அரைப்பங்குக்கு, உப்பும் சிறிது நிறமும் கரைத்த நீரை விடுக. அதன்மேல் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, நன்னீரை மெதுவாக வழியவிடுக. இரண்டும் கலவாது வெவ்வேறு படைகளாக நிற்கும். மெல்லிய குழாயொன்றின் நுனியை நன்னீர்ப் படையின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பிடித்து, மறுநுனியிற் பொருத்திய பீச்சாங்குழலால் மிக மெதுவாக இழுத்தால் நன்னீரே வரும். விரைவாக இழுத்தால் நிறநீர் கூம்பு போல எழுந்து குழாயினுட் புகும். அதிவிசையுடைய யந்திரத்தால் நெடுநேரம் இறைக்கும்போது கிணற்றின் அடியில் நிகழ்வதும் இதுவே.

2. மாதிரி நீரை எடுத்தல்

மாதிரி பிழையாயின் சோதனையும் பிழையாகும். சுத்தமான போத்தலை, எடுக்கப்போகும் நீரினாலேயே மூன்று முறை அலம்புதல் வேண்டும். பின் நீரை நிரப்பி மூடி, கிணற்றின் இலக்கம், திகதி, நேரம், இறைக்கு முன்னரா பின்னரா எடுக்கப்பட்டது என்னும் விவரங்களை எழுதி ஒட்டுதல் வேண்டும். ஒரு கிணற்றில் இரண்டு மாதிரிகள் எடுத்தல் நன்று: காலையில் இறைப்புத் தொடங்கு முன் ஒன்று, இறைப்பு முடியும் தறுவாயில் மற்றொன்று. நைத்திரேற்றுச் சோதனையை அன்றைக்கே செய்து முடித்தல் வேண்டும்.

ஆழத்து நீரை எடுப்பதற்கு, ஒரு போத்தலின் அடியிற் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கைக்கு வேறொரு கயிறு கட்டுக. வேண்டிய ஆழத்துக்குப் போத்தலை இறக்கியபின் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் அவ்வாழத்து நீர் போத்தலில் நிரம்பும். கட்டில்லாத தோட்டக் கிணறுகளில் இவ்வேலையை வளர்ந்தோரே செய்தல் வேண்டும். மாணவர் கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தலாகாது.

அதே வேளையில், கிணற்று வாயில் ஓர் அடையாளமிட்டு, அங்கிருந்து நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்பதையும் அளவு நாடாவால் அளந்து எழுதுதல் வேண்டும்.

3. நீர், தான் சென்ற வழியைச் சுமந்து வருதல்

சவர்க்காரத்தைச் சுத்தமான மழைநீரிற் கரைத்துக் கரைசலொன்றைத் தயாரிக்குக. ஒரே அளவான சோதனைக் குழாய்களில் மழைநீர், வீட்டுக் கிணற்று நீர், தோட்டக் கிணற்று நீர் என்பவற்றைச் சம அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குக. நுரை ஒரு நிமிடம் கலையாது நிற்பதற்கு எத்தனை துளிகள் வேண்டியிருந்தன என்று எண்ணுக. மழைநீருக்குச் சில துளிகள் போதும். சுண்ணாம்புக் கல்லினூடே வந்த நீருக்குப் பல துளிகள் வேண்டும். பெய்தபோது மென்மையாயிருந்த நீர், கல்லைக் கரைத்து வன்னீராகியுள்ளது.

இச்சோதனையால் மாணவர் உணர வேண்டியது ஒன்றுண்டு. கல்லையே கரைத்துச் சுமந்து வரும் நீர், மண்ணின்மேற் கிடக்கும் யூரியாவிலிருந்து உண்டாகும் பொருள்களையும், மலகூடக் குழியின் கழிவையும், மாட்டுத் தொழுவத்தின் ஊறலையும் சுமந்து வராது விடுமோ?

4. உவர்த்தன்மையை அளத்தல்

உப்பு மிகுந்த நீர் மின்னை எளிதிற் கடத்தும். கையடக்கமான மின்கடத்துமானி இதனை ஒரு கணத்திற் காட்டும். அது காட்டும் அளவு மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் எனக் கூறப்படும். மழைநீரில் அது ஏறக்குறையப் பூச்சியமாயிருக்கும். கடல் நீரில் 50 வரையிலிருக்கும்.

மானி இல்லாத பாடசாலையில், வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொண்டு உப்பின் அளவை ஒப்பிட்டு அறியலாம். 1.65 கிராம் கறியுப்பை 1 லீற்றர் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்தால், லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள கரைசல் கிடைக்கும். அதில் ஒரு பங்குடன் மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால் 250 மில்லிகிராம் உள்ள கரைசலாகும். சுவை குறித்துக் குடிநீருக்குச் சொல்லப்படும் எல்லையும் 250 மில்லிகிராமே. இவ்விரு கரைசல்களையும் கிணற்று நீரையும் தனித்தனிக் குழாய்களிற் சம அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்றை விடுக. வெண்மையான கலங்கல் தோன்றும். கறுப்புத் தாளொன்றை முன்னிலையாக வைத்து, கிணற்று நீரின் கலங்கல் எக்கரைசலை ஒத்திருக்கின்றது என்று பார்க்குக. வெள்ளி நைத்திரேற்று தோலையும் உடையையும் கறுக்கச் செய்யும், கண்ணுக்கும் தீங்கானது. ஆகையால் ஆசிரியரே அதனைக் கையாளுதல் வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாயத் தாபனம் வகுத்துள்ளபடி, பயிரின் விளைச்சல் குறையாதிருக்கத்தக்க நீரின் உச்ச அளவு (மீற்றருக்கு டெசிசீமன்) பின்வருமாறு:

போஞ்சி, கரட் — 0.7
வெங்காயம், முள்ளங்கி — 0.8
மிளகாய் — 1.0
உருளைக்கிழங்கு — 1.1
கோவா — 1.2
தக்காளி — 1.7
நெல் — 2.0
பீற்றூட் — 2.7

இவை நீர்வடிவு நன்றாயுள்ள நிலத்துக்குரிய பொதுவான அளவுகளாகும். எல்லையைக் கடந்தவுடன் பயிர் அழிந்துவிடுவதில்லை. விளைச்சல் படிப்படியாகக் குறையும். 2.9 அளவுள்ள நீரில் வெங்காயம் பாதி விளைச்சலையே தரும். நோயென்றும் விதையின் குறையென்றும் எண்ணி மருந்துக்குப் பணம் செலவிடு முன், நீரை அளந்து பார்த்தல் சிக்கனமாகும்.

5. நைத்திரேற்றை அளத்தல்

யூரியா ஈரமுள்ள வெப்பமான மண்ணிற் சில நாட்களில் அமோனியமாகவும், பின் சில வாரங்களில் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. அமோனியத்தை மண் பற்றி வைத்திருக்கும். நைத்திரேற்றை மண் பற்றி வைப்பதில்லை. வேர் அதனை உறிஞ்சாவிடின், அடுத்துவரும் இறைப்போ மழையோ அதனைக் கீழே கொண்டு செல்லும். மாட்டெருவும் மிகையாக இடப்பட்டால் இவ்வாறே நிகழும்.

மாணவர் செய்யத்தக்க சோதனை: அடியில் துளையிட்ட மூன்று தகரப் பேணிகளில் தோட்டத்துச் செம்மண்ணை நிரப்புக. முதலாவதில் பசளை இடற்க. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு சிட்டிகை யூரியாவை மண்ணுடன் கலந்து, மூன்றையும் இரண்டு வாரம் ஈரமாக வைத்திருக்குக. பின்னர் முதலாவதிலும் மூன்றாவதிலும் அடியில் நீர் ஒழுகும் வரை நீர் விடுக. இரண்டாவதில் மண் நனையும் அளவுக்கு மாத்திரம் விடுக. ஒழுகிய நீரைச் சோதனைத் தாளினால் அளந்தால், மூன்றாவதிலிருந்து வந்த நீரிலே தாள் கடும் நிறம் காட்டும். இரண்டாவதிலோ நீர் ஒழுகவில்லை. பசளை மண்ணிலேயே இருக்கின்றது. கிணற்றுக்குட் பசளையை இறக்குவது பசளை மாத்திரமன்று, அளவுக்கு மிஞ்சிய நீருமாகும் என்பது இதனால் தெளிவாகும்.

கிணற்று நீரைச் சோதிக்கும்போது, தாளை நீரில் நனைத்து, பெட்டியிற் குறித்துள்ள நேரம் கழித்து, நிற அட்டையுடன் ஒப்பிடுதல் வேண்டும். இங்கு ஒரு தவறு நேராது காத்துக் கொள்ளல் வேண்டும். சில அட்டைகள் நைத்திரேற்றின் நிறையைக் காட்டுவன. வேறு சில அதிலுள்ள நைதரசனின் நிறையை மாத்திரம் காட்டுவன. நைதரசனாகக் காட்டிய எண்ணை 4.4 ஆற் பெருக்கினால் நைத்திரேற்றின் அளவு கிடைக்கும். குடிநீருக்கு உலக சுகாதாரத் தாபனம் விதித்துள்ள எல்லை, லீற்றருக்கு நைத்திரேற்றாக 50 மில்லிகிராம். நைதரசனாக ஏறக்குறைய 11 மில்லிகிராம். அட்டையில் 20 என்று கண்டு, எல்லைக்கு உட்பட்டதென எண்ணியிருக்க, அது நைதரசனின் அளவாயின், உண்மையில் அந்நீர் எல்லையைக் கடந்ததாகும்.

6. சிறு குழந்தைகளுக்கு நேரக்கூடிய தீங்கு

நைத்திரேற்று மிகுந்த நீரினால் முதலிற் பாதிக்கப்படுவோர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளே. அவர்களின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சு வாங்கும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கிணற்று நீரிற் கலந்த பாலைப் பருகிய குழந்தைகளிடத்தே இதனைக் கண்ட வைத்தியர் ஹன்ரர் கொம்லி 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும்; நைத்திரேற்று நீங்காது. நெடுநேரம் கொதித்து நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடும். நன்மை செய்வதாக எண்ணித் தாய்மார் தீமையைக் கூட்டிவிடுதல் இவ்வாறே நேர்கின்றது. ஆகையால் எல்லையைக் கடந்த கிணற்று நீரிற் குழந்தைக்குப் பால்மா கரைத்தலாகாது. தாய்ப்பால் ஊட்டுதலே சிறந்தது. நீர் வேண்டுமிடத்து, சோதிக்கப்பட்ட வேறு கிணற்று நீரையோ குழாய் நீரையோ பயன்படுத்துதல் வேண்டும். இவ்விடயத்திற் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையை நாடுக.

7. பதிவேட்டை வைத்தலும் வாசித்தலும்

ஒரு நாட் சோதனையால் அறியக்கூடியது சிறிது. மாதமொரு முறையாக ஓராண்டு அளந்து எழுதினால் கிணற்றின் இயல்பு முழுவதும் வெளிப்படும். பதிவேட்டில் நீர்மட்டம், உவர்த்தன்மை, நைத்திரேற்று, அம்மாதத்தில் இட்ட பசளை, இறைத்த நேரம், பெய்த மழை என ஆறு நிரல்கள் போதுமானவை.

உதாரணமாக, ஒரு கிணற்றின் உவர்த்தன்மை தை மாதத்தில் 0.7 எனவும், ஆவணியில் 1.6 எனவும் பதியப்பட்டதெனக் கொள்க. மாரி முடிந்ததும் வெங்காயம் நடுவதற்கு அந்நீர் ஏற்றது. கோடை முதிர்ந்தபின் அதே நீர் வெங்காயத்துக்கு ஆகாது, பீற்றூட்டுக்கு ஆகும். இறைக்கு முன் எடுத்த நீரிலும் இறைத்தபின் எடுத்த நீரில் உவர் கூடியிருக்குமாயின், யந்திரம் ஆழத்து உவரை மேலிழுக்கின்றது என்பது பொருள். நைத்திரேற்றானது மாரியின் முதல் மழைகளின் பின் உயர்ந்து காணப்படின், கோடைப் பயிருக்கு இட்டதில் ஒரு பங்கு பயிரைச் சேராது மண்ணில் எஞ்சிநின்று கிணற்றிற் சேர்ந்துள்ளது எனக் கருத இடமுண்டு.

நைத்திரேற்றைப் பணமாகவும் கணக்கிடலாம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரை, ஓர் ஏக்கர் நிலத்துக்கு மொத்தம் 10 அங்குலம் இறைத்தால், அந்நீருடன் ஏறக்குறைய 11.6 கிலோகிராம் நைதரசன் நிலத்திற் சேரும். அது 25 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். அஃதாவது, 50 கிலோகிராம் மூடையிற் பாதி. பரப்பொன்றுக்கு ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சற்று மேலாகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி சில மாதங்கள் தடைப்பட்டபோது உரத்தின் அருமையைக் கமக்காரர் நன்கு அறிந்தனர். கிணற்றிலிருந்து திரும்பி வரும் பசளையைக் கணக்கிற் சேர்க்காது, மேலும் மேலும் இடுதல் காசையும் நீரையும் ஒருங்கே கெடுப்பதாகும்.

8. கமக்காரர் செய்யவேண்டியவை

அ. பசளையை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பகுதி பகுதியாக இடுக. பெருமழை வரும் அறிகுறி தோன்றும்போது இடற்க.

ஆ. கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பின், அதற்கேற்ப யூரியாவின் அளவைக் குறைப்பது பற்றி விவசாயப் போதனாசிரியருடன் கலந்து முடிவு செய்க.

இ. வேர் செல்லும் ஆழம் வரை மண் நனைந்தால் இறைப்பை நிறுத்துக. ஒரே தொடராக நெடுநேரம் இறைப்பதிலும், இடைவெளி விட்டு இறைத்தல் நன்று.

ஈ. மரக்கறிப் பயிர் முடிந்த நிலத்தை வெறுமனே விடாது, சணல் போன்ற பசுந்தாட் பசளைப் பயிரை விதைக்குக. எஞ்சிய நைத்திரேற்றை அது வேரால் உறிஞ்சி, உழுது புதைக்கும்போது மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும்.

உ. நெல் வயலில் யூரியாவைப் பிரித்து இடும்போது நீர் வயலை விட்டு வழிந்தோடாதபடி வரம்புகளைச் செப்பனிடுக. கடலோரத்து வயல்களில், மழைநீரால் உவர் கழுவப்பட்டபின் விதைக்குக.

ஊ. மருந்து தெளிகருவியைக் கிணற்றருகே கழுவலாகாது. எருக் கும்பியும் மாட்டுத் தொழுவமும் மலகூடக் குழியும் கிணற்றிலிருந்து இயன்றளவு தொலைவில் அமைதல் வேண்டும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் நீர் வெடிப்புகளினூடே விரைந்து செல்லுமாதலால், அடுத்த வளவிலுள்ளவரின் குழியும் இவ்வளவுக் கிணற்றைக் கெடுக்கலாம்.

எ. மழைநீர் தங்கும் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரிப் பேணுக. அங்கே தேங்கி நிலத்தினுள் இறங்கும் ஒவ்வொரு துளியும் உவரைக் கீழே தள்ளி நிறுத்துகின்றது.

9. இச்சோதனைகளின் எல்லை

இங்கு கூறிய சோதனைகள் பீடைகொல்லி மருந்துகளையோ நோய்க் கிருமிகளையோ காட்டமாட்டா. சோதனைத் தாளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதால் அளவிலும் சிறு வேறுபாடு நேரும். எனவே, இவற்றில் எல்லையைக் கடந்ததாகக் காணப்படும் கிணற்றின் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதி செய்தல் வேண்டும். மாணவரின் சோதனை, எக்கிணற்றை முதலில் அனுப்ப வேண்டும் என்பதைக் காட்டும் விரலாகும்.

ஒரு வகுப்பிலுள்ள மாணவர் தத்தம் கிணற்றின் அளவுகளை ஊர்ப் படமொன்றில் நிறமிட்டுக் குறித்தால், எப்பக்கத்தில் உவர் ஏறுகின்றது, எப்பக்கத்தில் நைத்திரேற்று மிகுகின்றது என்பது ஊராருக்கு ஒரே பார்வையிற் புலப்படும். வளவுக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவரின் கிணறு உவராகும். ஒருவர் மிகையாக இட்ட பசளை அயல் வீட்டுக் குழந்தையின் பாலிற் கலக்கும். ஆகையால் அப்படத்தைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே தொங்கவிட்டு, எல்லோரும் கூடி ஆராய்தல் வேண்டும்.

பிள்ளைகள் எழுதும் பதிவேட்டைப் பரீட்சைக்குரிய ஏடென்று ஒதுக்கிவிடாது, மாதந்தோறும் அதனை வாசித்து, அதன்படி இறைப்பையும் பசளையையும் திருத்திக் கொள்ளும் கமக்காரர், தம் கிணற்றை அடுத்த தலைமுறைக்கு நன்னீராகவே கையளிப்பர்.